பொறாமைக்காரியின் சாட்சி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தவமலர் கணினி அறையைத் திறந்தாள். எட்டேகாலுக்குள் அவள் அழுத செய்தி எஸ்டேட் ஆப்பீஸ் முழுக்கப் பரவிவிட்டது. நான்கு கணினிகள் காணவில்லை. அந்த அறையில் இருந்த கணினியோ ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேசைமேல் அப்படியே இருந்தது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நடந்தது அதுதான். அந்த ஒரு பெரிய கணினிக்குள் தவமலர் நான்கு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி வைத்திருந்தாள். வெறும் கோப்புகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாகவே நினைத்துக்கொள்ளும். ஒன்றில் எடைக் கொட்டகையில் ஓடும் பழைய விண்டோஸ். ஒன்றில் ஆப்பீஸின் புது விண்டோஸ். ஒன்றில் தொழிற்சாலையின் லினக்ஸ். இன்னொன்றில் கங்காணிகளின் கைக்கணினியில் இருக்கும் ஆண்ட்ராய்டு. தேயிலைக் கொழுந்து எடை போடும் புது மென்பொருள் இந்த நாலிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று நாற்காலியைவிட்டு எழாமல் பார்த்துவிடலாம். உள்ளே ஒரு போலித் தராசுகூட வைத்திருந்தாள். எத்தனை கிலோ என்று தட்டினால் அத்தனை கிலோ காட்டும். திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து வரும் டைரக்டர்களுக்கு அதையெல்லாம் காட்டுவதாக ஏற்பாடு.

வசுமதி செய்தியைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். தவமலர் வருமுன் மென்பொருளைச் சோதிப்பது அவள் ஒருத்தியின் வேலை. குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை, தொழிற்சாலை, டிவிஷன் என்று ஏறி இறங்கி ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்காருவாள். முழங்கால் வலிக்கும். புதிதாகச் சேர்ந்த பெண் அந்த நடைக்கே வேலையில்லாமல் செய்துவிட்டாள். "இத ஏன் இத்தனை நாளா யாரும் செய்யல?" என்று மேனேஜர் துரை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாரே, அதை வசுமதி இன்னும் மறக்கவில்லை. சோதனைப் பிரிவுக்குத் தலைமைப் பதவி ஒன்று வரப்போகிறது. அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் குகனேஸ்வரன் துரை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"போலீசுக்குப் போனா ஹெட் ஆப்பீசுக்குத் தெரிஞ்சிரும் வசுமதி. நீயே விசாரி. சாயந்தரத்துக்குள்ள யாருன்னு சொல்லு."

"நானா துரை?"

"நீதான். தவமலர்தான்னு ஆச்சுன்னா இன்னைக்கே அவள அனுப்பிடுவேன். அந்த போஸ்ட் அப்புறம் உனக்குத்தான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது வசுமதிக்கு. கணினி அறைக்குப் போய் உட்கார்ந்தாள். நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு நான்கு கணினிகளும் அழிக்கப்பட்டிருந்தன. அழித்தவர் என்று கணினியில் பதிவாகியிருந்த பெயர் தவமலர். நான்கையும் நகலெடுத்து மேசை டிராயரில் வைத்திருந்த டிஸ்க்கையும் காணோம். இதைவிட என்ன வேண்டும்?

தவமலரை எதிரில் உட்கார வைத்தாள். அழுத கண் வீங்கியிருந்தது.

"நேத்து எப்பக் கிளம்பின?"

"ஆறு மணிக்குக்கா. மோட்டார் சைக்கிள்ல, திரிங்காப்புல இருக்கற வீட்டுக்கு."

"வழியில யாராவது பாத்தாங்களா?"

"நல்ல மழைக்கா. யாரும் இல்ல."

"உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"சேர்ந்த அன்னைக்குத் திருமாறன் அண்ணன்தான் போட்டுக் குடுத்தாரு. அத மாத்தல."

"மாத்தியிருக்கணும்ல?"

"ஆமாக்கா."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே வசுமதிக்கு எரிச்சலாக இருந்தது. பையைக் கொட்டச் சொன்னாள். மழைச்சட்டை, சோற்று டப்பா, பொடுகுத் தைலம். டிஸ்க் இல்லை.

அடுத்து திருமாறன். மென்பொருளை எழுதியவன் அவன்தான். சாயந்தர வேளைகளில் கியா பார்ம் கடை வரிசையில் அவனும் வசுமதியும் அவித்த சோளம் தின்றுகொண்டே தவமலரைப் பிரித்து மேய்வது வழக்கம். அவனுக்கும் வயிற்றெரிச்சல்தான். அந்த நான்கு கணினிகளில் மூன்றில் அவன் மென்பொருள் திறந்தாலும், எடையைப் பதியும்போது தடுக்கி விழுந்ததைத் தவமலர் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டியிருந்தாள்.

"சும்மா கேக்கறேன் தம்பி. நேத்து ஆறரை மணி வாக்குல எங்க இருந்த?"

"கொட்டகையிலக்கா. கொட்டகைச் சாவிய கிராணிகிட்ட வாங்கிட்டுப் போனேன். தவமலர் செஞ்ச டப்பாக்குள்ள ஓடலன்னா என் புரோகிராம் மோசமா லா? நெசக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். குரூப்லகூடப் படம் போட்டேனே."

ஆப்பீஸ் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் இருந்தது. பழைய விண்டோஸின் திரையை அப்படியே பிடித்த படம். மூலையில் மணி ஆறு முப்பத்தைந்து. நடுவில் எடைக் கட்டம், அதில் 0.00 கிலோ. கீழே, 'கொட்டகையில நல்லாத்தான் ஓடுது, பாத்துக்குங்க' என்று எழுதியிருந்தான். கொட்டகை மலைச்சரிவின் அடியில் இருக்கிறது. மழையில் அங்கிருந்து ஆப்பீசுக்கு ஏறி வர அரை மணி நேரமாவது வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியமில்லை.

வசுமதி படத்தை மூடினாள். அவன் இல்லை என்றாகிவிட்டது, இனி மிச்சம் தவமலர்தான். கொட்டகையில் எடைக் கணக்கு எழுதும் கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் விசாரணை முடிந்தது.

மதியம் கொட்டகைக்கு இறங்கினாள். பனிமூட்டம் கூரைவரை வந்திருந்தது. கொழுந்து இன்னும் வரவில்லை. நாகரத்தினம் கிராணி தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து திருமாறன் சாவி வாங்கினானா கிராணி?"

"அஞ்சரைக்கு வாங்கினான். குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன். காலையில சாவி ஆப்பீஸ் ஆணியில தொங்குச்சு."

"அவன் இங்க வந்தத யாரும் பாக்கலியா?"

"அந்த மழையில யாரு லா இருப்பா? ஆனா ஆச்சரியம்தான். சேறுன்னு சொல்லி ஒருநாளும் இந்தப் பக்கம் எறங்காதவன்."

வசுமதி பழக்கதோஷத்தில் கொட்டகைக் கணினியைத் தட்டினாள். மென்பொருள் திறந்தது. தராசில் ஒன்றுமில்லை, கொழுந்து வழுக்காமல் இருக்கத் தட்டின்மேல் கட்டிய சாக்கு மட்டும்தான். 0.46 என்று காட்டியது.

"தராசச் சைபராக்கற இந்தப் பட்டன் இன்னும் செத்துத்தான் கெடக்கா?"

"எப்பவோ செத்துப்போச்சு. சாக்கு நனைஞ்சா கூடுது, காஞ்சா கொறையுது. நான்தான் ஒவ்வொரு தடவையும் கையால கழிக்கிறேன். கொஞ்சம் தப்பினாலும் கொழுந்து பறிக்கற பொம்பளைங்க சண்டைக்கு வந்துருவாங்க."

வசுமதி கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். தராசைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

காலையிலேயே கண்ணில் பட்டதுதான். தவமலரையே தேடிக்கொண்டிருந்ததால் கண்டும் காணாமல் போயிருந்தாள். இப்போதும் என்ன கெட்டுப்போயிற்று? இது இன்னொருத்தர் கண்ணுக்குப் படாது. வாயைத் திறக்காமல் மேலே ஏறிப்போனால் பதவி அவளுடையது. அந்தப் பெண்ணின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. படத்தை மூடினாள், மறுபடி திறந்தாள். கிராணி அவளுக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

நான்கு மணிக்குத் துரையின் அறையில் எல்லாரும் கூடினார்கள்.

"அழிச்சது திருமாறன்," என்றாள் வசுமதி.

"அக்கா, நான்தான் கொட்டகையில..."

"நீ கொட்டகைக்கே போகல தம்பி. உன் படத்துல எடை சுத்த சைபர். அந்தத் தராசு வெறுமனே இருக்கும்போது சைபர் காட்டி நான் பாத்ததில்ல. நனைஞ்ச சாக்கு அதுமேல கெடக்கு. நேத்து பேய்மழை வேற. அரைக் கிலோவுக்குக் கொறையாம காட்டியிருக்கணும்."

திருமாறன் அவசரமாகச் சொன்னான். "தராசு ஒயரக் கழட்டி வெச்சிருந்தேன்."

"கழட்டினா 'தராசு இல்லை'ன்னு செவப்பா வரும். அத எழுதினவனே நீதான்." துரையின் பக்கம் திரும்பினாள். "பழைய விண்டோஸ்ல சுத்தமா சைபர் காட்டுற எடம் ஒண்ணே ஒண்ணுதான் துரை. தவமலர் செஞ்ச கம்ப்யூட்டர். அதுல இருக்கறது போலித் தராசு, அதுக்குச் சாக்கும் இல்ல, மழையும் இல்ல. அந்தக் கம்ப்யூட்டர் மேல ஆப்பீஸ்ல இருக்கு. ஆறு முப்பத்தஞ்சுக்கு இவன் அதுக்கு முன்னாடி உக்காந்து படம் புடிச்சிருக்கான். அஞ்சு நிமிஷத்துல தவமலர் பேருல நுழைஞ்சு நாலையும் அழிச்சிருக்கான்."

திருமாறன் வசுமதியையே பார்த்தான்.

"நீங்களும் அவ போகணும்னுதானேக்கா ஆசைப்பட்டீங்க? எத்தனை நாள் சொல்லியிருக்கீங்க."

"ஆசைப்பட்டேன்," என்றாள் வசுமதி. "இப்பவும் பொறாமைதான், இல்லன்னு சொல்லல. காலையிலேருந்து அவதான் செஞ்சிருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் தேடினேன். ஆனா அவ தோத்துப் போகணும்னு நெனச்சேனே தவிர, செய்யாத தப்புக்குத் தலையக் குனிஞ்சிட்டுப் போகணும்னு நெனைக்கல."

திருமாறன் குளிர்ச்சட்டைப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தான். அதை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லையாம். அவன் எழுதிய மென்பொருளும் அதற்குள்தானே இருந்தது.

ஐந்து மணிக்குள் நான்கு கணினிகளும் மறுபடி எழுந்து நின்றன. திருமாறனைத் துரை வேலையிலிருந்து நிறுத்தினார். தலைமைப் பதவி தவமலருக்கு என்று அறிவித்தும்விட்டார். வசுமதி பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் தவமலர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா."

"நன்றியெல்லாம் வேணாம். நான் பேசினத நீயும் கேட்டேல்ல? உனக்காகத் தேடல."

"தெரியும்க்கா. நீங்க என்னைப் பத்திப் பேசறது மொத நாள்லேருந்தே தெரியும்." தவமலர் கொஞ்சம் தயங்கினாள். "துரை முதல்ல ஆப்பீஸ்ல இருக்கற என் சொந்தக்காரர் பசுபதியத்தான் விசாரிக்கச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். வசுமதி அக்காவப் போடுங்கன்னு கேட்டேன்."

"ஏன்?"

"என்னைப் புடிச்சவங்க நான் செய்யலன்னு சொன்னா பாதிப் பேரு நம்ப மாட்டாங்க. என்னைக் கண்டாலே ஆகாதவங்க சொல்லிட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்கல்லக்கா."

வசுமதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்துநாலு வயதுகூட இருக்காது. நாள் முழுக்கத் தான் அவளை விசாரித்ததாக வசுமதி நினைத்திருந்தாள், அவளோ காலையிலேயே தன்னை எடைபோட்டு வைத்திருக்கிறாள். காலையில் இருந்ததைவிட இப்போது பொறாமை அதிகமாகத்தான் இருந்தது.

"திங்கட்கிழம டைரக்டருங்க வர்றப்ப, உதவிக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.