கோதண்டத்தின் வலது தோள்

காலை ஆறு மணிக்குச் சங்கு ஒலித்ததும், செவ்வாய்க் கோளின் மருதநகரில் நாலாயிரம் பேரும் இருபது நிமிடம் கையைத் தூக்கி, முதுகை வளைத்தாக வேண்டும். அங்கே ஈர்ப்பு குறைவு; உடம்பைச் சும்மா விட்டால் இறுகிப்போகும். அவசரக் கதவின் பிடியோ தலைக்கு மேலே இருந்தது. காற்று கசியும்போது தோள் எழும்பாதவரால் அதை இழுக்க முடியாது. அதனால்தான் அந்தச் சட்டம். யார் செய்தார், யார் செய்யவில்லை என்பதை மணிக்கட்டில் கட்டிய அசைவுமானி நலவாரியத்துக்குச் சொல்லிவிடும்.

இயன்முறை மருத்துவர் ஜெசிந்தாவுக்குக் கருவியைவிடத் தன் கட்டைவிரல்மேல் நம்பிக்கை அதிகம். குடிநீர்த் துறைத் தலைவர் கோதண்டத்தின் வலது தோளில் வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, எலும்போரம் அழுத்தினாள். மூன்று வாரத்துக்கு முன்பு இருந்த முடிச்சு அப்படியே இருந்தது. கையை மெல்ல உயர்த்திப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை; "ஐயோ அம்மா!" என்று அலறினார்.

"பயிற்சி செய்றீங்களா சார்?"

"ஒருநாள் விடலையே. நீயே பாரும்மா, நூத்துக்கு நூறு காட்டுது."

அசைவுமானியின் திரையும் அதையேதான் சொன்னது. ஜெசிந்தாவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் சங்கு ஒலிக்கும் நேரத்துக்கு அவர் வீட்டுக்கே போனாள்.

கூடத்தில் அவருடைய ஏவலி, அதாவது வீட்டுவேலை இயந்திரம், அசைவுமானியைக் கட்டிக்கொண்டு கையை மேலும் கீழும் வீசிக்கொண்டிருந்தது. கோதண்டம் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார், இடது கையால்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. "என் விரல் வீங்க வீங்க உங்களுக்கு அமுக்கி விடுறேன். நீங்க இந்தத் தகர டப்பாவுக்குப் பயிற்சி குடுக்குறீங்களா?"

"எதுக்கும்மா சத்தம்? நடக்க வேண்டியது நடக்குதுல்ல? நான் செஞ்சா என்ன, அது செஞ்சா என்ன?"

"கரண்டு போனா இதுவும் படுத்துடும். அப்ப கதவை யார் சார் இழுப்பா?"

"அப்ப பாத்துக்கலாம் விடும்மா."

அன்றே நலவாரியத்தில் புகார் கொடுத்தாள். பத்து நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். குற்றவாளியின் இடத்தில் அவளைத்தான் நிற்க வைத்தார்கள்.

"சார் ஒருநாள் தவறாம செஞ்சிருக்கார்னு கருவி சொல்லுது," என்றார் வாரியத் தலைவி அலர்மேல்வல்லி. "அப்படியும் தோள் சரியாகலைன்னா, தப்பு உங்க கையிலதானே?"

"நான் கண்ணால பாத்தேன் மேடம்!"

"உங்க கண்ணு பதிவேடு இல்லியேம்மா."

"சரி, என் கண்ணை விடுங்க. இப்ப அவரைக் கையைத் தூக்கச் சொல்லுங்க!"

"அது நடைமுறையில இல்லை." தலைவி தாளைப் புரட்டினார். "ஜெசிந்தாவின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்."

உறுப்பினர்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முழங்கையை மேசையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்திப் பல்லைக் கடித்தார். இன்னொருவர் இடக்கையால் வலக்கையைத் தாங்கித் தூக்கப் பார்த்தார். தலைவிக்குத் தோள் மட்டும் காதுவரை ஏறியது; கை ஏறவில்லை.

ஜெசிந்தா ஒவ்வொரு தோளாகப் பார்த்தாள்.

தலைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, வாயாலேயே சொல்லிடுவோம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.