ஒரு கோட் நீலம்

பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார்.

ஸ்க்ரூ டிரைவர் அவர் கழுத்தில் இருந்தது.

அதன் கைப்பிடியில்... நீலப் பெயிண்ட்!

"முற்பகல்ல நடந்திருக்கும்னு டாக்டர் சொல்றார் சார்," என்றார் ஏட்டு. "கீழ் வீட்டுல இவர் தம்பி மகனும் அவர் சம்சாரமும். வேற யாரும் இல்லை."

இன்ஸ்பெக்டர் படியிறங்கினார்.

கீழே ஹாலில் ஓர் அலமாரி. பழைய சாமான் கடையில் வாங்கியது. நேற்றுவரை அரக்கு வார்னிஷில் பளபளத்த கிழம், இன்று மழை விட்ட வானத்தின் நீலத்தில் நின்றது. ஒரு வழிசல் இல்லை. ஒரு ப்ரஷ் தடம் இல்லை.

அதன் பக்கத்தில் தம்பி மகன் நின்றிருந்தான். தெருவில் அவனுக்குப் பெயர் 'நாளைக்கு'. எந்த வேலையைச் சொன்னாலும் அதுதான் பதில்.

"காலையிலேருந்து இதுக்குத்தான் சார் பெயிண்ட் அடிச்சேன். இந்த இடத்தை விட்டு நகரலை."

"சாட்சி?"

"இந்த அலமாரிதான்."

"கையைக் காட்டுங்க."

காட்டினான். பொட்டு நீலம் இல்லை.

"கழுவிட்டேன் சார். பெயிண்ட் கையோட சோபாவைத் தொட்டா அவ கொன்னுடுவா."

சொன்ன பிறகுதான் வார்த்தை உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். நகக்கண் வரைக்கும் நீலம்.

"இவரா அடிச்சார்னு சொன்னார்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் துக்கத்துலயும் எனக்குச் சிரிப்பு வருது சார். நான் அடிச்சது. மூணு தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தூசி தட்டி, ஒரே கோட். காலைப் பொழுது பூரா இதுலயே போச்சு."

"இவர் என்ன பண்ணினார்?"

"டப்பா மூடியை ஸ்க்ரூ டிரைவரால நெம்பித் திறந்து குடுத்தார். பெரிய சாதனை. அதைக் கையில எடுத்துக்கிட்டு அப்படியே வெளியே போனார். மாடிக்குத்தான் போறார்னு எனக்கு எப்படிங்க தெரியும்..."

"என்னடி சொல்றே? நீதானே கடைக்குப் போறேன்னு கிளம்பினே?"

"கடைக்கா? நானா?"

வாசலில் எதிர்வீட்டு அக்கா கழுத்தை நீட்டினாள்.

"இவனா பெயிண்ட் அடிச்சான்? சாப்பிட்ட தட்டை நகர்த்தி நான் பார்த்ததில்லை சார். வாசல் பல்பு ஃபியூஸ் போயி ரெண்டு வருஷமாச்சு. வர்றவங்க தடவிக்கிட்டுத்தான் உள்ளே வர்றாங்க."

"அக்கா... நீங்களுமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்ப்பா."

வாழ்நாளில் ஒரு நாள்தான் அவன் வேலை செய்திருந்தான்... அதை நம்ப ஆளில்லை!

"நம்புங்க சார். அடிச்சு முடிச்சு, கை கழுவி, அசந்து தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா எனக்கே நம்ப முடியலை. நானா இவ்வளவு நல்லா அடிச்சேன்னு."

"எனக்கும்தான் நம்ப முடியலை."

இன்ஸ்பெக்டர் கண்காட்ட, விலங்கு வந்தது.

"ஏட்டையா, அந்த அலமாரியில ஒரு சீட்டு ஒட்டுங்க. இந்தம்மா எங்கே இருந்தாங்கங்கறதுக்கு அதுதான் சாட்சி."

ஏட்டு அகலமான டேப்பால் சீட்டை ஒட்டினார். அழுத்தித் தேய்த்தார்.

மனைவி பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. சுவரில் படம் சாய்ந்திருந்தால் சோறு இறங்காத பிறவி அவள்.

"ஏட்டையா... கோணலா இருக்கு."

"நேராக்கிட்டாப் போச்சு." ஏட்டு டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

சர்ர்ர்...

டேப்போடு பெயிண்ட்டும் வந்தது! பாம்பு சட்டை கழற்றுவது போல, ஒரு முழ நீளத்துக்கு, முழுசாக. அடியில் அரக்கு வார்னிஷ் கண்ணாடியாக மினுங்கியது. ஒரு கீறல் இல்லை.



"மூணு தடவையா தேய்ச்சீங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் மெதுவாக வந்தது. "போன மாசம்தான் என் வீட்டு மேஜைக்கு அடிச்சேன். வார்னிஷைத் தேய்க்காம அடிச்சா பெயிண்ட் பிடிக்காதும்மா."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் உரிந்த தோலின் விளிம்பை நகத்தால் கிளறினார். அது இரண்டாகப் பிரிந்தது. மேல்தோல் பட்டு. உள்தோலில் கண்ணீர் போல வழிசல்கள், ப்ரஷ் மயிர்கள், ஒரு கொசு... காய்ந்துவிட்டதா என்று யாரோ அமுக்கிப் பார்த்த கட்டைவிரல் ரேகை!

"அது என்னோடது சார்." 'நாளைக்கு' துள்ளினான். "நான் அடிச்சது."

"ரேகையே வேண்டாம்யா. இவ்வளவு மட்டமா அடிக்க ஊருக்கு ஒரு ஆளாலதான் முடியும்."

"ஆமா சார்," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "இது அவன் கைதான்."

இன்ஸ்பெக்டர் மனைவியிடம் திரும்பினார்.

"ஒரே கோட்னு சொன்னீங்க. இங்கே ரெண்டு இருக்கு. காலையில அடிச்சது இவர். அப்ப நீங்க எங்கே? இவர் தொட்ட ஸ்க்ரூ டிரைவரைத் துணியால பிடிச்சுக்கிட்டு மாடியில. திரும்பி வந்தா இவர் குறட்டை. மேலே அழகா ஒரு கோட்... இவரோட சாட்சி உங்க சாட்சியாயிடுச்சு. பெரியவர் போனா வீடு இவருக்கு. இவர் உள்ளே போனா வீட்டுல நீங்க மட்டும்."

விலங்கு கை மாறியது.

வாசலில் நின்று திரும்பினாள். கண்ணில் முதல்முறையாக நிஜமான ஈரம்.

"வந்ததும் உங்களை எழுப்பி, தேய்ச்சீங்களான்னுதானே கேட்டேன். மூணு தடவை தேய்ச்சேன்னு தூக்கத்துலகூடச் சொன்னீங்களே."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வார்த்தையை அவள் நம்பியது அந்த ஒரு தடவைதான்!

'நாளைக்கு' தலையைச் சொறிந்தான்.

"நாளைக்குத் தேய்க்கலாம்னு இருந்தேன்."