மன்னித்தவர்

ஓய்வுபெற்ற சர்வேயருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். முந்தைய நாளே அகன்ற வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரினை முறிக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடாமல் வைத்துவிடுவார். மறுநாள் ரப்பர் குழாயால் தொட்டியின் பழைய தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதைச் சொம்பால் மொண்டு, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல் இறக்குவார். அவர் மனைவி அவரை 'நம்ம வீட்டு நீர்வளத் துறை' என்று கேலி செய்வாள்.

கேலிக்கு இப்போது இன்னொரு காரணமும் இருந்தது. தொட்டியில் மீனே இல்லை. எல்லாம் செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கைப்பழக்கம் விடவில்லை, பாவம் என்று வீட்டில் நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு, வெயில் சன்னலை விட்டு இறங்கிய பிற்பகலில், உறிஞ்சிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தவரின் மூக்கு சுருங்கியது. பாசி மணக்கவேண்டிய வாளியிலிருந்து, அந்த நொடியில் குழாயைத் திறந்து பிடித்தது போலப் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. திரும்பிப் பார்த்தார். காற்று மோட்டாரை அவர் முன்பே நிறுத்தியிருந்தார்; ஆனாலும் தொட்டியிலிருந்து, உதடு பிரிவது போன்ற மிக மெல்லிய ஓசை ஒன்று, விட்டு விட்டு, பொறுமையாக வந்துகொண்டிருந்தது. அருகே போய்க் குனிந்தார். நீரின் மேற்பரப்பில் சின்னஞ்சிறு குழிகள். வட்டமாகத் திறந்தன. மூடின. மறுபடி திறந்தன.

அந்த அசைவை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

மகனின் மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வந்த நாள் அது. முந்தைய நாள் தண்ணீர் பிடித்துவைக்க மறந்துபோனார். கலங்கிய தொட்டியை விருந்தாளிகள் பார்ப்பதா என்று கூச்சப்பட்டு, குழாய்த் தண்ணீரை அப்படியே கொட்டினார். மருந்துப் புட்டியைத் தேடக்கூடப் பொறுமையில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைக் தன் கண்ணாலேயே கண்டார். சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலாற நடக்கப் போய்விட்டார்.

திரும்பியபோது எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. நிறைமாத வயிற்றோடு மருமகள் தொட்டிமுன் அழுதுகொண்டிருந்தாள். காலையில் சோப்புத் துணியால் கண்ணாடியைத் துடைத்தது தான்தான் என்றாள். அதற்குள் வந்துவிட்ட விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். அது வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"விடும்மா. போனது போச்சு. நான் ஒண்ணும் நெனைக்கல."

எவ்வளவு பெரிய மனசு என்று மேலதிகாரியின் மனைவி வியந்தாள்.

அன்றிலிருந்து மாமியார் விளையாட்டாகச் சொல்லத் தொடங்கினாள், இவள் கையில் உயிருள்ள எதையும் கொடுக்காதீர்கள் என்று. விளையாட்டு மருமகளின் எலும்புவரை இறங்கியது. குழந்தை பிறந்த பின்னும் அதை ஒருநாள்கூட அவள் குளிப்பாட்டவில்லை. கேட்டால் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

இன்று மாமியாருக்கு மணிக்கட்டு சுளுக்கு. வேறு வழியில்லை. குளியலறையிலிருந்து மருமகளின் குரல் நடுங்கி வந்தது.

"மாமா, டப்புல தண்ணி நீங்களே ஊத்திக் குடுங்க. நீங்க ஊத்துனா பயமில்ல எனக்கு."

அவர் ஊற்றினார். இளஞ்சூடு சரியாக இருந்தது. ஆவி எழுந்தது. ஆவியோடு நெடியும் எழுந்தது. கண் எரிந்தது. மருமகள் குழந்தையை ஏந்தியபடி மெல்லக் குனிந்தாள். அவளுக்கு நெடி தெரியவில்லை. ஓசை கேட்கவில்லை. தண்ணீரில் குழிகள். ஒன்று. பல. டப்பு நிறைய வாய்கள். குழந்தையின் பிஞ்சுக் குதிகால் இறங்கியது. வாய்கள் அதன் அடியில் வந்து கூடின.

"இறக்காதே!"

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாமா? என் கைதான்..."

"உன் கையில ஒண்ணுமில்லம்மா. மீனைக் கொன்னது நான். மருந்து விடாம குழாத் தண்ணிய அப்படியே ஊத்தினேன். அதுங்க தவிச்சதையும் பாத்தேன். பாத்துட்டு வெளிய போயிட்டேன்."

குளியலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். சுளுக்கிய மணிக்கட்டை மற்றக் கையில் தாங்கியிருந்தாள். சர்வேயர் தலையைத் தூக்கவில்லை. மருமகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ என்னை மன்னிச்சீங்களே மாமா... அது எதுக்கு?"

டப்பில் தண்ணீர் தெளிந்து, வெறும் தண்ணீராகக் கிடந்தது. அவள் அவரிடமிருந்து கண்ணை எடுத்து, முந்தானையை இடுப்பில் செருகி, தன் கையாலேயே குழந்தையை அதில் இறக்கினாள். குழந்தை சிரித்தது.

அவர் கூடத்துக்கு வந்தார். தொட்டியின் மேற்பரப்பு முழுவதும் வாய்கள். இடைவெளியே இல்லை. எல்லாம் அவரை நோக்கி. சட்டைக் கையை மடித்தார். இரண்டு கைகளையும் நீரில் இறக்கினார்.

"தப்பு என்னோடதுதான்," என்றார் மெதுவாக.

விரல் ஒவ்வொன்றையும் ஒரு வாய் பற்றியது. பல்லில்லாத, மெத்தென்ற, வெதுவெதுப்பான வாய்கள். பிறகு மணிக்கட்டை. பிறகு முழங்கையை.

அவர் கைகளை எடுக்கவில்லை.