பதினொன்றின் அழைப்பு

நாலு பத்துக்கு ரேடியோ கரகரத்தது. "தளம், இது பதினொண்ணு. சில்லு விளக்கு மூணாவது தடவையா எரியுது. என்ன செய்யலாம்?"

மர்லீன் ஒலியைக் குறைத்துவிட்டு ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தாள். பதினொன்றாம் எண் விமானம் மார்ச் மாதத்திலிருந்து கடலுக்கடியில் கிடக்கிறது. குரல் அதை ஓட்டிய கேப்டன் டேட்டுடையது, தினமும் இதே நேரத்துக்கு வருகிறது. முதல் நாள் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள், இரண்டாம் வாரம் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள், இந்த ஆறாவது வாரத்தில் எதுவுமே தோன்றுவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. பக்கத்து மேஜை கார்ப்பரல் ஒகாஸியோ சிப்ஸ் கொறித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தக் குரல் கேட்பதில்லை.

இறக்கை நுனியில் இருக்கும் சுழலிகளை நிமிர்த்தி ஹெலிகாப்டராக எழும்பி, அவற்றை முன்னால் சாய்த்து விமானமாகப் பறக்கிற இந்த வகைக்குப் பல்சக்கரப் பெட்டிதான் உயிர். பெட்டியின் எண்ணெயில் இரும்புத் துகள் சேர்ந்தால் விமானி முன்னால் சில்லு விளக்கு எரியும். பொத்தானை அமுக்கினால் துகள் பொசுங்கி விளக்கு அணைந்துவிடும். மூன்றாம் முறை எரிந்தால் பராமரிப்பு அறையைக் கேட்க வேண்டும், அது இந்தத் தளத்து வழக்கம். மார்ச்சில் டேட் கேட்டார். "வெறும் பொடிதான், பொசுக்கிட்டு வாங்க," என்றாள் மர்லீன், வாயில் சான்ட்விச்சோடு. பத்தே நிமிடம். நான்கு பேர்.

விசாரணையில் அழைப்பே வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பாதுகாப்புப் பதிவேட்டில் விமானத்தில் குறை இல்லை, விமானியின் பிழை என்று ஏறியது. தட்டச்சு செய்தவளும் அவளே. மற்ற மூவரின் வீட்டார் இப்போது டேட்டின் மனைவியைக் கடையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை கர்னல் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது காலத்துக்கும் அப்படியே நிற்கும்.

வியாழன் மதியம் டெஸ்ஸா வந்தாள். பதினான்காம் எண் விமானத்தின் பணிக்குழுத் தலைவி, மர்லீனின் பத்து வருடத் தோழி.

"பெட்டி சுத்தமா இருக்காடி, இல்ல நீச்சல் உடை எடுத்துக்கணுமா?"

"சார்ஜன்ட், உங்க அளவுக்கு நீச்சல் உடை எங்க கிடைக்கும்?" என்றான் ஒகாஸியோ.

"வாயை மூடுடா. உன்னையும் ஏத்திட்டுப் போயிடுவேன்."

அவன் சிரித்துக்கொண்டே புகைபிடிக்க வெளியே போனதும் டெஸ்ஸா குனிந்தாள். "டேட் கேக்காம விடுற ஆளா மர்லீன்? காபி மெஷினைத் தொடவே ரெண்டு தடவை கேப்பாரு."

"தெரியலை."

"நாளைக்குக் கையெழுத்து ஆயிடும். தெரிஞ்சவங்க இன்னிக்கே சொல்லிடணும்."

"நீ திரும்பி வா, பேசலாம்."

டெஸ்ஸா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டு விமானிகளோடு ஏறிப் போனாள்.

நாலு பத்துக்கு ரேடியோ கரகரத்ததும் மர்லீனின் கை பழக்கத்தில் ஒலியை அடியோடு குறைத்தது. வெயில் மேஜைமேல் சாய்ந்து கிடந்தது, கொட்டகையிலிருந்து எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை வந்தது, எங்கோ யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவின் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டியது. டேட் ஒருமுறைதான் கேட்பார். இன்று விளக்கு நிற்கவில்லை. ஒரு நிமிடம். மூன்று. ஆறு.

ஒலியைத் திருகிக் கூட்டினாள்.

"மர்லீன், டெஸ்ஸாடி. எத்தனை தடவை கேக்கறது? இறக்கவா?"

"இறக்குங்க! இப்பவே இறக்குங்க!"

இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. தகரம் தட்டுவதும் நின்றிருந்தது. எண்ணெய் வாசனை போய் உப்பு நெடி.

தொலைபேசி அடித்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம். "பதினாலு திரையிலேருந்து மறைஞ்சு ஆறு நிமிஷம் ஆச்சு, சார்ஜன்ட். கடல்மேல. உங்களைக் கூப்பிட்டாங்களா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தளத்தில் பதினான்கு நின்றிருந்தது. சுழலிகள் சுற்றின. சத்தமே இல்லை.

பின்கதவு இறங்கியது. மூன்று பேர் வந்தார்கள். பின்னால் இன்னும் நான்கு பேர். காய்ந்த சிமென்ட்டில் ஏழு ஈரத் தடங்கள்.

"சார்ஜன்ட்? கூப்பிட்டாங்களா?"

பயம் வந்தது. ஆறு வாரத்தில் முதல்முறையாக.

கதவு திறந்தது. டெஸ்ஸா அவள் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள், குளிர்ந்த விரல்களால், மெதுவாக. காதில் வைத்தாள். வாயைத் திறந்தாள். கடல்நீர் கொட்டியது. மேஜைமேல், பதிவேட்டின்மேல், மர்லீனின் மடியில்.

கோபுரத்துக்காரன் பொறுமையாகக் கேட்டான். "சரி. கூப்பிட்டாங்கன்னு எழுதிக்கறேன். மார்ச் மாசத்தையும் சேத்துதானே?"

டெஸ்ஸா திரும்பித் தொலைபேசியை நீட்டினாள். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் டேட், வாயை இறுக்க மூடிக்கொண்டு, தன் முறைக்காக.