இரண்டாவது இடத்தில் யாரும் இல்லை

சனிக்கிழமை, காலை 10:40.

பைக்கோடு சாலையோர ஓடையில் விழுந்து, மதகின் கான்கிரீட் விளிம்பில் தலை மோதிக் கிடந்தார் ஹார்லன் வெக். தலையில் ஒரு சிவப்புக் கைக்குட்டை மட்டும். விஸ்கான்சினில் பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. அந்தச் சலுகையை ஹார்லன் நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை.

ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. பதினைந்தாவது நிமிடமே மூச்சு நின்றுவிட்டது. குறுக்கே வந்து இத்தனைக்கும் காரணமான கிடாரிக் கன்று சாலை நடுவே நின்று எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, வந்த வேலி ஓட்டை வழியாகவே திரும்பிப் போனது. அதை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரிக்க ஆள் இருந்தது. ரோண்டா ப்ராக்னோ, வயது நாற்பத்து நான்கு, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவளுடைய பைக்தான் ஹார்லனுடைய பைக்கைப் பின்னால் இடித்தது. இடித்த வேகம் அதிகமில்லை. ஆனால் ஓடையில் தள்ளிவிட அது போதும். காறை எலும்பு முறிந்து படுத்திருந்தவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவர் பிரேக் போட்டப்ப பின்னால லைட்டே எரியலங்க. அவர் என் கண்ணுக்குப் பெருசாயிட்டே வர்றாரேன்னு பாத்துதான் நான் பிரேக் போட்டேன்."

பகல் 1:15. ஷெரீஃப் அலுவலக ஆட்கள் ஹார்லனின் பைக்கை ஓடையிலிருந்து தூக்கி நிறுத்தி, சாவி போட்டு, பிரேக்கை மிதித்தார்கள். பின்விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அதோடு ரோண்டாவின் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். கணக்கு சுலபம். வேகம் மணிக்கு நாற்பத்தைந்து மைல், அதாவது நொடிக்கு அறுபத்தாறு அடி. விளக்கைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு மனிதருக்கு ஒரு நொடியும் கொஞ்சமும் ஆகும். ரோண்டாவின் டயர் தடம் ஹார்லனின் தடம் தொடங்கிய இடத்தைத் தாண்டிப் பத்தடியில் ஆரம்பிக்கிறது. விளக்கு எரிந்தது என்றால், அவள் அவருக்குப் பின்னால் ஒரு நொடி தூரத்தில்தான் வந்திருக்க வேண்டும். இரண்டு நொடி இடைவெளி விட வேண்டிய இடத்தில் ஒரு நொடி. ஒட்டிக்கொண்டு வந்தாள், இடித்தாள், ஆள் செத்தார். கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் போடுவதா என மாவட்ட வழக்கறிஞர் செவ்வாய் மதியம் முடிவு செய்வார். போட்டால் பேருந்து உரிமம் போகும். அதற்குப் பிறகு சிறையும் வரலாம்.

கோப்பு லெப்டினன்ட் மாரிட் ஸ்கோகனிடம் வந்தது. மாரிட்டுக்கு பைக் ஓட்டத் தெரியாது. ஆனால் அவளுடைய அப்பா பழைய டிராக்டர்களை ஏலம் விட்டவர். விற்க வந்தவன் தன் சரக்கைப் புகழும்போது குறுக்கே பேசக் கூடாது, புகழ்ந்து முடித்த பிறகுதான் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பத்து வயதிலேயே கற்றவள்.

ஞாயிறு, பிற்பகல் 3:00. டெல்மர் க்ளாஸின் பைக் பட்டறை.

டெல்மர்தான் ரோண்டாவுக்கு எதிரான முக்கிய சாட்சி. பட்டறை முதலாளி, வார இறுதிகளில் புதியவர்களுக்குப் பாதுகாப்பாக ஓட்டச் சொல்லித்தரும் ஆசிரியர், முதலுதவிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பவர். அந்தச் சனிக்கிழமை நால்வராகப் போன பைக் சவாரியில் ரோண்டாவுக்குப் பின்னால் வந்தவரும் அவர்தான். மாரிட்டுக்குக் காபி கொடுத்தார், ஒரு தட்டு பொரித்த சீஸும் வைத்தார். மாரிட் சீஸை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

வரிசை எப்படி என்று கேட்டாள். ஒரே தடத்தில் போக மாட்டோம் என்றார் டெல்மர். முதல் ஆள் இடப்பக்கம், அடுத்தவர் ஒரு நொடி பின்னால் வலப்பக்கம், மூன்றாமவர் மறுபடி இடப்பக்கம், இப்படி மாறி மாறி. பக்கத்துத் தடத்தில் இருப்பவருக்கு ஒரு நொடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு நொடி. ஹார்லன் முதலில், ரோண்டா அவருக்கு நேர் பின்னால், வலப்பக்கம் டெல்மர், கடைசியில் ஆர்டன்.

"ஹார்லனோட லைட்டைப் பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன். செக்கச்செவேல்னு எரிஞ்சுது. எனக்கு முன்னால வலப்பக்கம் யாருமில்ல, மறைக்க ஆளே கிடையாது."

"பாத்ததும்?"

"அடுத்த நொடி பிரேக். இருபது வருஷமா ஊருக்கே இதைத்தானே சொல்லித்தர்றேன்."

"ரோண்டாவுக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி?"

"ஒரு நொடி. கச்சிதமா. டேப் வச்சு அளந்துக்கலாம்."

மாரிட் எழுதிக்கொண்டாள். விழுந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஹார்லனின் பைக் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததாம். தீப்பிடிக்கக் கூடாதென்று டெல்மர் உடனே இறங்கிப் போய் டேங்கிலிருந்து பெட்ரோல் வராமல் அடைக்கும் குமிழை மூடினாராம். பிறகு ஹார்லனிடம் ஓடினாராம். கடைசியாக அந்த பைக்கை யார் பழுது பார்த்தார்கள் என்ற கேள்விக்கு, வெள்ளிக்கிழமை பின் டயர் மாற்றியது தானே என்றார், கண் சிமிட்டாமல். ஒளித்து வைத்தால் விலை போகாது என்று தெரிந்த வியாபாரி.

"எல்லாத்தையும் எழுதிட்டேன். ஒரு கையெழுத்துப் போடுங்க டெல்மர்."

அவர் படித்துப் பார்த்து, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு, மாலை 5:10. ஆர்டனின் வீடு.

ஆர்டன் எழுபது வயது, சீஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரோண்டாவுக்குச் சித்தப்பா முறை. அதனாலேயே அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"ஒட்டிக்கிட்டு வந்தாளா? யாரு, ரோண்டாவா? அவ பஸ் ஓட்டுறவம்மா. அவளுக்கும் முன்னால போறவனுக்கும் நடுவுல ஒரு மாட்டு மந்தையையே ஓட்டிட்டுப் போகலாம். அவளோட வந்தா மதிய சோறு சாயங்காலந்தான்னு நாங்களே கிண்டல் பண்ணுவோம்."

விபத்துக்குப் பிறகு ஹார்லனின் தலையைத் தாங்கிப் பிடித்தது ஆர்டன்தான். டெல்மரைக் கூப்பிட்டாராம். மூன்று முறை. டெல்மர் ஓடைக்குள் பைக்கின் அருகே குந்தியிருந்தார்; வந்தபோது முழங்கை வரை சேறு.

புறப்படும் முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள் மாரிட். ஆர்டன் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், நான்கு பால் கேன்களை மாறி மாறி வைத்து விளக்கினார். வரிசையில் நின்றதும் எல்லாரும் பிரேக்கை அழுத்துவார்கள். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து முன்னால் நிற்பவரின் விளக்கைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்குவார். முன்னால் இருப்பவர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொள்வார். இருபத்தாறு வருடப் பழக்கம்.

"உங்க விளக்கை யாரு பாப்பாங்க?"

"நான் கடைசி. எனக்கு டெல்மர் இறங்கி வந்து பாத்துட்டுப் போவான்."

"டெல்மர் விளக்கை நீங்க. ரோண்டா விளக்கை டெல்மர். முதல் ஆளோட விளக்கை?"

"ரெண்டாவது ஆளு."

"சனிக்கிழமை ரெண்டாவது ஆளு யாரு?"

ஆர்டன் கேன்களின் பக்கம் குனிந்தார். முதல் கேனுக்கும் அடுத்த கேனுக்கும் நடுவே வலப்பக்கம் ஒரு வெற்றிடம் இருந்தது. அவரே, யோசிக்காமல், அதை விட்டுத்தான் வைத்திருந்தார்.

"நார்பர்ட்," என்றார்.

நார்பர்ட் போன வருடம் புற்றுநோயில் இறந்த நண்பர். அவர் நினைவாகத்தான் அந்தச் சவாரி. செத்தவருக்காக இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டு ஓட்டுவது அவர்கள் வழக்கம். அதில் யாரும் நுழைய மாட்டார்கள். மூன்றாவதாக நிற்கும் ரோண்டா பார்க்க வேண்டியதும் அந்தக் காலி இடத்து விளக்கைத்தான்.

"அப்ப ஹார்லனுக்கு யாரு கட்டைவிரல் தூக்கினது?"

"யாருமில்லம்மா," என்றார் ஆர்டன். கேனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

திங்கள், காலை 8:30. ஷெரீஃப் அலுவலகக் கொட்டகை.

பைக்கைத் தூக்கிய சமயத்தில் எடுத்த படங்களை மாரிட் வரிசையாக மேசையில் பரப்பினாள். ஒரு படத்தில் பெட்ரோல் குமிழ் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் இருந்தது. திறந்தபடி இருந்தது. பிறகு பைக்கின் வலப்பக்கத்து மூடியைக் கையாலேயே கழற்றினாள். உள்ளே பின்விளக்குக்குப் போகும் ஒயரின் பிளக் ஒழுங்காக மாட்டியிருந்தது. அதன்மேல் காய்ந்த சேறு. சுற்றி இருந்த மற்ற ஒயர்களில் துளி சேறு இல்லை. படம் எடுக்கச் சொல்லிவிட்டு மூடியை மாட்டினாள்.

செவ்வாய், காலை 9:00. மதகருகே.

ரோண்டா கழுத்திலிருந்து தூக்குக் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தாள். ஆர்டன், டெல்மர், மாவட்ட வழக்கறிஞரின் ஆள் ஒருவர். சாலையில் டயர் தடங்கள் தொடங்கும் இடங்களில் வெள்ளைக் கோடுகள். வேலிக்கு அப்பாலிருந்து கிடாரி பார்த்துக்கொண்டிருந்தது.

"டெல்மர், ரோண்டாவுக்கும் உங்களுக்கும் ஒரு நொடி. கையெழுத்து உங்களுது."

"ஆமா."

"அப்படின்னா நீங்க அவளுக்கு அறுபத்தாறு அடி பின்னால. ஹார்லனோட லைட் எரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் தெரியும். நீங்க வாத்தியார், அவளைவிட மெதுவா பிரேக் போட மாட்டீங்க. உங்க தடம் அவளோட கோட்டுக்கு அறுபத்தாறு அடி இந்தப் பக்கம் ஆரம்பிக்கணும். வாங்க, போய்ப் பாக்கலாம்."

அந்த இடத்தில் சுத்தமான தார்ச் சாலை மட்டும் இருந்தது. மாரிட் குனிந்து தேடுவதுபோல் பாவனைகூடச் செய்தாள். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஹார்லனின் கோடு. பத்தடி தள்ளி ரோண்டாவின் கோடு. அதற்கும் பதினைந்தடி தள்ளி, வலப்பக்கத் தடத்தில், டெல்மரின் கோடு.

"பின்னால வந்தவர், லைட்டைப் பாத்தேன்னு சொன்னவர், கடைசியா பிரேக் போட்டிருக்கீங்க. எண்பத்தோரு அடி தாமதம். ஒரு நொடியும் கொஞ்சமும். ஒருத்தரோட லைட்டைப் பாத்து பிரேக் பிடிக்க ஆகற நேரம். நீங்க பாத்தது ரோண்டாவோட லைட்டை. ஹார்லனுக்கு எரியவே இல்ல."

வழக்கறிஞரின் ஆள், விளக்கு எரியவில்லை என்றால் ரோண்டா எவ்வளவு தூரத்தில் வந்திருப்பாள் என்று கேட்டார். விளக்கில்லாமல் முன்னால் போகிறவர் நிற்கிறார் என்று கண்ணுக்குப் புரிய இரண்டு நொடிக்கு மேலாகும் என்றாள் மாரிட். அவள் முழு இடைவெளியும் விட்டுத்தான் வந்தாள். அந்த இடைவெளி முழுவதையும் எரியாத அந்த விளக்கு தின்றுவிட்டது.

டெல்மர் சிரிக்கப் பார்த்தார். "லைட்டு எரியுதே மேடம். உங்க ஆளுங்களே மிதிச்சுப் பாத்தாங்க."

"ஒண்ணேகால் மணிக்கு எரிஞ்சுது. பத்து நாப்பதுக்கு எரியல. டயர் மாத்த பின் மட்கார்டைக் கழட்டினீங்க, பிளக்கைப் பிடுங்கினீங்க, திரும்ப மாட்ட மறந்துட்டீங்க. ஹார்லன் கீழ விழுந்ததும் ஞாபகம் வந்துடுச்சு. பெட்ரோல் குமிழை மூடினேன்னு சொன்னீங்க. அது இடப்பக்கம், பைக்குக்கு அடியில கிடந்துது, இன்னிக்கு வரைக்கும் திறந்துதான் இருக்கு. நீங்க திறந்தது வலப்பக்க மூடியை. பிளக் மேல ஓடைச் சேறு இருக்கு. உங்க பட்டறையில ஓடை ஓடுதா?"

பட்டறை, ஆசிரியர் வேலை, சட்டம் போட்ட சான்றிதழ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலை போட்டுப் பார்ப்பதுபோல் நின்றார் டெல்மர்.

"அன்னிக்குப் புறப்படும்போதே கண்டுபிடிச்சிருக்கணும்," என்றார் கடைசியில். "எப்பவும் கண்டுபிடிச்சிடுவோம்."

"எப்பவும் ரெண்டாவது இடத்துல ஒரு ஆள் இருப்பாரு."

ஆர்டன் அப்போதுதான் பேசினார். குரல் உயரவில்லை.

"மூணு தடவ கூப்பிட்டேன் டெல்மர். அவன் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தான். முதலுதவி தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

"ரெண்டு நிமிஷந்தான் ஆச்சு," என்றார் டெல்மர்.

மாரிட் கோப்பை மூடினாள். "பிளக்கை மறந்தது தப்பு. யாருக்கும் வரும், ஒத்துக்கிட்டிருந்தா அதோட போயிருக்கும். ஞாபகம் வந்த பிறகு செஞ்சதுதான் குற்றம். வண்டியில ஏறுங்க."

ரோண்டா சாலையோரம் உட்கார்ந்து, நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள். செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு அவளுடைய மஞ்சள் பேருந்து வழக்கம்போல், வழக்கமான மெதுவான வேகத்தில், கிளம்பியது.

அந்த மாதக் கடைசியில் ஹார்லனுக்காக ஒரு சவாரி. முதலில் ஆர்டன். இரண்டாவது இடம் காலி. எல்லாரும் பிரேக்கை அழுத்தினார்கள். ரோண்டா பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினாள். நடந்து போய், அந்தக் காலி இடத்தில் நின்றாள். ஆர்டனின் விளக்கைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைத் தூக்கினாள்.