ஒட்டிக்கொண்டது

மதிய இடைவேளை. ஆய்வகத்தில் ஆளில்லை. அங்கே டெக்னீஷியனாக இருந்த அக்கா, தன் தங்கையின் கைக்குழந்தைக்கு எடுத்த ரத்தத்தோடு இருட்டறைக்குள் போனாள்.

குழந்தைக்குத் தொப்புள் புண் ஆறவேயில்லை. வெள்ளையணுக்கள் ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் வெளியே வந்து புண்ணை ஆற்ற முடியும். அந்த ஒட்டும் புரதம் பிறவியிலேயே இல்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ரத்தத்தில் அவள் கலந்திருந்த ஆன்டிபாடி அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்தால் பச்சையாக ஒளிரும்.

கதவைச் சாத்திவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

கும்மிருட்டு. ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் தங்கையிடம் எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் அந்த வாடை வந்தது. துணியில் காய்ந்து புளித்த தாய்ப்பாலின் வாடை.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"இன்னொரு தடவை பாரு."

பெண் குரல். காதுமடலில் ஈரமாகப் பட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவும் பயம்.

ஒரு பச்சைப் புள்ளி.

பக்கத்தில் இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக. கண்ணாடியில் செத்து உறைந்திருந்த அணுக்கள் நகர்ந்தன. நகர்ந்துபோய், கண்ணுக்குத் தெரியாத எதன்மேலோ மொய்த்து ஒட்டின.

அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

தங்கை பதறி எழுந்தாள். "என்னக்கா? உள்ள உன்கூட யாரு?"

"யாருமில்லடி."

"ஒரு பொம்பள அழுதாங்களே..."

மறுநாள் வேறோர் ஆய்வகத்தில் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா அணுக்களும் பளிச்சென்று ஒளிர்ந்தன. "நல்லாத்தாம்மா இருக்கான், வீணா பயந்துட்டீங்க," என்று டாக்டர் சிரித்தார். சீக்கிரமே புண்ணும் ஆறியது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவும் அந்த மதியத்தை மறக்கப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் தங்கை குளிக்கப் போயிருந்தபோது, அக்கா தொட்டிலை எட்டிப் பார்த்தாள். குழந்தை யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் ஒரு கை மேலே நீண்டு, எதையோ பற்றியதுபோல் மூடியிருந்தது.

"பெரியம்மா விரலப் பிடிச்சுக்கடா, செல்லம்."

அந்தக் குட்டிக் கைக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்தாள்.

நுழையவில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. ஜில்லென்று.