நிலாவுக்குக் கீழே ஒரு சட்டை

"என்னாங்க இது? ஒரு தடவைதான் துவைச்சேன்... பாதி எழுத்து காணாமப் போச்சு!"

ஆர்மேனியன் ஸ்திரீட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கடையில் ஒரு கறுப்புச் சட்டை வந்து விழுந்தது. ரூபினி நிமிர்ந்தாள். யாருக்கும் தெரியாத ஆங்கில வார்த்தைகளைச் சட்டையில் அச்சடித்து விற்பவள் அவள். எதிரே மழையில் நனைந்து நின்றவன் கண்ணில் கோபம்... ஆனால் அந்தக் கண்ணுக்குக் கோபம் கொஞ்சமும் பொருந்தவில்லை. பாழாய்ப்போன மனசு இதையெல்லாமா கவனிக்கும்?

"சப்லூனரி," என்றாள், சட்டையை விரித்து. "அர்த்தம் தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?"

"கலர் புடிச்சிருந்துச்சு, வாங்கிட்டேன் லா."

"லத்தீன்ல 'சப்'னா கீழே, 'லூனா'ன்னா நிலா. நிலாவுக்கு மேல இருக்கிறது எதுவும் மாறாது, கீழ இருக்கிறது எல்லாம் மாறும், அழியும்னு அந்தக் காலத்துல நம்புனாங்க. அதனால மண்ணுல இருக்கிற எல்லாமே சப்லூனரிதான். உங்க சட்டையும் சேர்த்து."

"அலாமாக்! எழுத்து உரிஞ்சதுக்கு இவ்ளோ பெரிய விளக்கமா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். வேறு சட்டை கொடுத்து அனுப்பினாள்.

அவன் பெயர் குணாளன். கடலுக்கு அக்கரையில், ஜுருவில் கார் விற்பவன். அடுத்த ஞாயிறும் ஃபெரி படகு ஏறி வந்தான்... அதற்கடுத்த ஞாயிறும். ஒரு மனுஷனுக்கு எத்தனை சட்டைதான் வேண்டும்?

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லட்டுமா?"

ரூபினியின் நெஞ்சு துள்ளியது. உடனே அடங்கியது. முன்பு ஒருமுறை, இந்த ஊர் வழக்கப்படி அவளுக்கும் முதலில் பதிவுத் திருமணம் நடந்தது. கோயில் கல்யாணம் ஆறேழு மாதம் கழித்து என்று வைத்தார்கள். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை மனசு மாறிவிட்டான்.

"ஒருநாள்கூட சேர்ந்து வாழல. ஆனா பேப்பர்ல நான் டைவர்ஸ் ஆனவ. இன்னொரு தடவ அப்படிக் காத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. பாவம்னு பார்க்காதீங்க... போங்க."

குணாளன் போய்விட்டான். மறு ஞாயிறு வரவில்லை. இவனும் மாறிவிட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தவளுக்கு வியாபாரமே ஓடவில்லை. வீம்பு பிடித்து விரட்டியது நான்தானே... அழுகை முட்டியது.

அதற்கடுத்த ஞாயிறு, கொட்டுகிற மழையில் ஓடிவந்தான்.

"பட்டர்வொர்த்துல ஒரு கோயில்ல விசாரிச்சேன். பதிவும் தாலியும் ஒரே நாள்ல வச்சுக்கலாமாம். அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சம்மதிக்க வைக்கத்தான் ரெண்டு வாரம் ஆச்சு. நடுவுல ஒருநாள்கூட நீ காத்திருக்க வேணாம், ரூபினி."

"அதுக்கப்புறம் மாற மாட்டீங்களா?"

"மாறுவேன் லா. தொப்பை வரும், முடி கொட்டும்... எல்லாம் உன் பக்கத்துலயே இருந்து மாறுவேன். உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் புடிச்சிருக்கு... நீங்க வராதப்பதான் எவ்வளவுன்னு தெரிஞ்சுது. இனிமே சொல்லாம ஒரு ஞாயிறு லீவு போட்டீங்க... தொலைச்சிடுவேன்!"